பட்டிக்குள் புது உயிர் வருமுன்: இனம், கிருமி, பரவும் வழி – முழுமையான வழிகாட்டி

குன்னத்தூர் சந்தையில் நாலைந்து ஆடு வாங்கி, அன்று மாலையே பழைய ஆடுகளோடு பட்டியில் அடைத்துவிட்டு, அடுத்த வாரம் மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்களைக் கொங்குப் பகுதியில் அடிக்கடி பார்க்கிறேன். எல்லோரும் கேட்பது மருந்தின் பெயரை. அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன: நோய் வந்தது எந்த விலங்குக்கு? எந்த வகைக் கிருமியால்? எந்த வழியாக? இதே வரிசையில் பதில் தேடினால் பாதி நோய்களை வாசலிலேயே நிறுத்திவிடலாம். வரிசை மாறினால் மருந்துச் செலவுதான் மிஞ்சும்.

புதிதாக ஆடு, மாடு வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்காக எழுதியது இது. சிகிச்சைக்குக் கால்நடை மருத்துவர் வேண்டும். அவர் வருவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை மட்டும் இங்கே.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு, ஆட்டை எடை போட ஒரு தொங்கு தராசு, ரப்பர் கையுறை, சலவை சோடா, சுண்ணாம்பு. தனிமைப் பட்டிக்கென்று தனி வாளி, தனிக் கயிறு, தனித் தண்ணீர்த் தொட்டி. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் எண்ணும், கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962-ம் போனில் இருக்கட்டும்.

இவற்றில் புதியவர்கள் தவறாமல் விடுவது நோட்டு. அதன் அருமை ஐந்தாம் படியில் தெரியும்.

2. உங்களிடம் இருப்பது எந்த இனம் என்று பிரியுங்கள்

மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு நான்கும் ஒரே குடும்பம். பிளவுபட்ட குளம்பு, நான்கு அறை வயிறு, அசைபோடும் பழக்கம் நான்குக்கும் பொது. பன்றிக்குக் குளம்பு பிளவுபட்டிருந்தாலும் அது அசைபோடாது. குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. கோழி பறவை இனம். உடல் வெப்பத்திலிருந்து மூச்சு வாங்கும் முறை வரை எல்லாம் வேறு.

இந்தப் பிரிவைப் பள்ளிப் பாடம் என்று ஒதுக்க வேண்டாம். எந்த நோய் எங்கே தாவும் என்பதை இதை வைத்தே பெரும்பாலும் ஊகிக்கலாம். கோமாரி (கால், வாய்ப்புண் நோய்) பிளவுபட்ட குளம்புள்ள எல்லாவற்றுக்கும் வரும், குதிரைக்கு வராது. ஆட்டுக்கொல்லி நோய் செம்மறி, வெள்ளாடு இரண்டையும் சாய்க்கும்; மாட்டுக்கு அந்த வைரஸ் தொற்றினாலும் நோய் வராது. தோல் கழலை நோய் மாட்டுக்கும் எருமைக்கும் உரியது. வெள்ளைக்கழிச்சல் கோழி போன்ற பறவைகளின் நோய்.

செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிப்பதில் நம் பகுதியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மேச்சேரி ஆட்டுக்கு உடம்பில் கம்பளி கிடையாது. வெளிர் பழுப்பு நிறம், குட்டை முடி. படத்தில் கம்பளி ஆட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதை வெள்ளாடு என்றே நினைக்கிறார்கள். வாலைப் பாருங்கள்: செம்மறிக்குத் தொங்கும், வெள்ளாட்டுக்கு நிமிர்ந்து நிற்கும். மேயும்போதும் தெரியும். செம்மறி தலையைத் தரையோடு வைத்துப் புல்லைக் கடிக்கும். வெள்ளாடு கிளுவை வேலியில் முன்னங்காலைத் தூக்கிவைத்துத் தழையை எட்டும்.

இது தெரியாமல் போனால் மூன்று இடத்தில் அடிபடும். நீலநாக்கு நோய் செம்மறியைக் கடுமையாகத் தாக்கும், வெள்ளாட்டில் பெரும்பாலும் லேசாகப் போய்விடும். தரையோடு மேய்வதால் செம்மறிக்குக் குடற்புழு அதிகம் ஏறும். மூன்றாவது, செம்பு. செம்மறியின் ஈரல் செம்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. மாட்டுக்கான தாது உப்புக் கலவையைச் செம்மறிக்கு மாதக்கணக்கில் போட்டால் அதுவே நஞ்சாகும்.

3. நல்ல உடம்பின் அளவுகளை முதலில் எழுதுங்கள்

நோயுள்ள ஆட்டைத் தொடுவதற்கு முன், நன்றாக இருக்கும் ஆடுகளை ஒரு வாரம் அளந்து பழகுங்கள். சரியான அளவு தெரியாதவருக்குத் தவறான அளவு கண்ணில் படாது.

தெர்மாமீட்டரை உதறி, நுனியில் கொஞ்சம் எண்ணெய் தடவி, ஆசனவாயில் லேசாகச் சுழற்றி நுழையுங்கள். நுனி உட்சுவரைத் தொட வேண்டும். சாணத்துக்குள் குத்தி நின்றால் அளவு குறைத்துக் காட்டும். ஆட்டுக்கு 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட், மாட்டுக்கு 100.5 முதல் 102.5 வரை இயல்பு. காலையில் மேய்ச்சலுக்கு விடுமுன் பாருங்கள். சித்திரை வெயிலில் மதியம் காட்டிலிருந்து வந்த ஆட்டை அளந்துவிட்டு, காய்ச்சல் என்று ஊசி தேடுகிறவர்கள் உண்டு.

அடுத்து இடது விலாக் குழியில் கைமுட்டியை அழுத்தி வையுங்கள். முதல் வயிறு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை புரண்டு கையைத் தள்ளும். அந்த வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்கவைக்கின்றன. அசைபோடும் விலங்குக்கு உணவை ஆக்கித் தருவதே அவைதான். நன்றாக அசைபோடும் ஆட்டுக்கு மனிதருக்கான ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கரைத்து வாயில் ஊற்றக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். நோய்க் கிருமியோடு வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களும் சாகும், ஆடு தீனி எடுப்பதை நிறுத்திவிடும்.

கடைசியாகக் கண். கீழ் இமையை விரலால் இறக்கி உள் நிறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பு அல்லது ரோஜா நிறம் சரி. காகிதம் போல் வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. முதல் சந்தேகம் இரத்தம் உறிஞ்சும் குடற்புழு.

4. கிருமியின் வகையைப் பிரியுங்கள்

வைரஸ், பாக்டீரியா, ஒற்றைச் செல் உயிரி, புழு என்று நான்காகப் பிரித்தால் நம் வேலைக்குப் போதும்.

வைரஸ் நோய்க்கு நேரடி மருந்து நம் கையில் இல்லை. கோமாரி, ஆட்டுக்கொல்லி, ஆட்டம்மை, நீலநாக்கு, தோல் கழலை எல்லாம் இந்த வகை. தடுப்பூசி முன்னால், பராமரிப்பு பின்னால். மருத்துவர் ஆன்டிபயாட்டிக் போட்டால் அது மேலே சேரும் பாக்டீரியாவுக்காக.

வைரஸ்களுக்குள்ளும் உறவு உண்டு. தோல் கழலை நோயின் வைரஸும் வெள்ளாட்டம்மை வைரஸும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அதனால்தான் வெள்ளாட்டம்மைத் தடுப்பூசியை மாடுகளுக்குத் தோல் கழலை வராமல் போடுகிறார்கள். ஆட்டுக்கு உரிய ஊசியை மாட்டுக்குப் போடுவதா என்று தயங்க வேண்டாம்.

சுத்தம் செய்வதும் வகையைப் பொறுத்தது. ஆட்டுக்கொல்லி வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை இருப்பதால் சோப்புத் தண்ணீரே அதைக் கெடுக்கும். கோமாரி வைரஸுக்கு அந்த உறை இல்லை, சோப்பு போதாது. கடும் காரமும் அமிலமும்தான் அதை அழிக்கும். 10 லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவை சோடா கரைத்தால் 4 சதவீதக் கரைசல் கிடைக்கும். தரைக்கும் வண்டிக்கும் செருப்புக்கும் அது போதும். முதலில் சாணத்தையும் சேற்றையும் கழுவிவிட்டு அப்புறம் ஊற்ற வேண்டும். சாணத்தின் மேல் ஊற்றிய கரைசல் அதற்கு அடியில் இருக்கும் கிருமியைத் தொடாது.

பாக்டீரியா நோய்களில் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), தொண்டை அடைப்பான், சப்பை நோய், துள்ளுமாரி, கருச்சிதைவு நோய் (புரூசெல்லா) ஆகியவை முக்கியம். அடைப்பான் கிருமி காற்றுப் பட்டதும் வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஒற்றைச் செல் உயிரிகளில் மாட்டின் இரத்தத்தில் வாழும் தைலேரியா, பபேசியா இரண்டும் உண்ணி வழியாக வருகின்றன. குட்டிகளின் இரத்தக்கழிச்சலும் இந்த வகையே. புழுக்களை அடுத்த படியில் விரிவாகப் பார்ப்போம்.

5. வழியைக் கண்டுபிடியுங்கள்: யாருக்கு, எப்போது, எந்த வரிசையில்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நோட்டில் ஒவ்வொரு ஆட்டுக்கும் எந்த நாள், எந்த நேரம், முதல் அறிகுறி என்ன, அதற்கு முந்தைய நாள் எங்கே மேய்ந்தது என்று எழுதுங்கள். நோய் வந்த வரிசையே வழியைக் காட்டும்.

*ஒன்று விழுந்து, நாலைந்து நாள் கழித்துப் பக்கத்தில் படுத்தவை விழுந்தால்* அது தொட்டுப் பரவும் நோய். ஆட்டுக்கொல்லி இப்படித்தான் வரும்: காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல், இருமல். மூக்கொழுகல் தெறித்தும், ஒரே தொட்டியில் குடித்தும் பரவுகிறது. கோமாரி இன்னும் எளிதாகப் பரவும். எச்சில், பால், காற்று, வண்டிச் சக்கரம், ஆளின் கால் என எதிலும் வரும். மாட்டில் வாயில் கொப்புளமும் நூலாக ஒழுகும் எச்சிலும் கண்ணில் படும். செம்மறியில் பல நேரம் லேசான நொண்டலோடு போய்விடும். நொண்டும் ஆட்டைக் கல் குத்தியது என்று விட்டுவிட்டு, பத்து நாளில் கட்டுத்தரையில் கறவை மாடு வாய்ப்புண்ணோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

*ஒரே வேளையில் பல ஆடுகள் விழுந்தால்* அது பெரும்பாலும் தீவனத்தில் இருக்கும் நஞ்சு. நம் மானாவாரிக் காட்டில் முதல் சந்தேகம் சோளக் குருத்து. மழை தவறி வாடி நிற்கும் இளம் சோளத்திலும், அறுத்த தட்டின் அடியில் துளிர்த்த குருத்திலும் ஹைட்ரோசயனிக் அமிலம் உருவாகும். மேய்ந்த சிறிது நேரத்தில் மூச்சு வாங்கி, தள்ளாடி விழும். இதற்குத் தனிமைப்படுத்தல் பயன்படாது. உடனே மருத்துவர் ஊசி போட வேண்டும், மீதி ஆடுகளைக் காட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும். நன்றாக முற்றி உலர்ந்த தட்டில் இந்த ஆபத்து குறைவு.

*மழைக்குப் பின் கொழுத்த குட்டிகளாகப் பார்த்துத் திடீரென்று இறந்தால்* துள்ளுமாரி. இதற்குரிய பாக்டீரியா நல்ல ஆட்டின் குடலிலேயே கொஞ்சம் இருக்கும். கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், மழைக்குப் பின் துளிர்த்த புல்லையோ, தானியத்தையோ திடீரென்று நிறையத் தின்றால் அது பெருகி நஞ்சு விடுகிறது. பக்கத்து ஆட்டிடமிருந்து வரவில்லை. தடுப்பூசியும், புதுத் தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்குவதும்தான் வழி.

*ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றும், மழைக்காலத்தில் வந்தால்* கடிக்கும் பூச்சியைத் தேடுங்கள். நீலநாக்கு ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் தொட்டுப் பரவுவதில்லை. கியூலிகாய்ட்ஸ் என்ற மிகச் சிறிய கடிபூச்சி சுமந்து வருகிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே அதிகம் வருகிறது, ஏனென்றால் பூச்சி ஈரச் சாணத்திலும் சேற்றிலும் பெருகுகிறது. தொட்டியைச் சுற்றி நிற்கும் சேற்றை வடிப்பது இங்கே தடுப்பூசிக்கு அடுத்த காவல்.

*மாட்டுக்குக் கடும் காய்ச்சல், கண் வெளுப்பு, காபி நிறத்தில் சிறுநீர் என்றால்* உண்ணி. காதின் உள்ளே, வாலின் அடியில், மடிக்கும் தொடைக்கும் நடுவே விரலால் தடவிப் பாருங்கள். மாட்டு உண்ணி குஞ்சாக ஏறி சுமார் மூன்று வாரம் அதே மாட்டில் வளர்ந்து, இரத்தம் குடித்து ஊதிய பின் கீழே விழுந்து, தரை வெடிப்பிலும் சுவர் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மாட்டுக்கு மட்டும் ஒருமுறை மருந்து தெளித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. மருத்துவர் சொன்ன இடைவெளியில் மீண்டும் தெளியுங்கள், கட்டுத்தரையின் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள்.

*வாரக்கணக்கில் மெல்ல மெலிந்து, தாடைக்கு அடியில் நீர் கோத்தால்* குடற்புழு. நான்காம் வயிற்றில் ஒட்டி இரத்தம் குடிக்கும் ஹீமோன்கஸ் என்ற உருளைப்புழுவின் பெண் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டை புழுக்கையோடு காட்டில் விழுந்து, வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றும் நிலைக்கு வளர்ந்து, பனித்துளியில் நீந்திப் புல்லின் மேல் ஏறும். ஆடு அதைத் தின்ற பின் மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை முட்டை வெளியே வரும். அதனால் மழைக்காலத்தில் பனி காயுமுன் ஆட்டை விடாதீர்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் கொழுக்கட்டைப் புல் காட்டில் இந்தப் புழுவின் தொல்லை மிகவும் குறைவு. வெயில் குஞ்சுகளை உலர்த்திக் கொன்றுவிடும். மருந்தை எடை பார்த்துக் கொடுங்கள். கண்மதிப்பில் குறைவாக ஊற்றினால் சாகாமல் தப்பிய புழுக்கள் பெருகி, மருந்துக்கு மசியாத பட்டாளமாகிவிடும். ஆரம்பச் சினையில் இருக்கும் ஆட்டுக்கு ஆல்பெண்டசோல் கூடாது.

நாயையும் கணக்கில் சேருங்கள். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தால் மூளையில் நாடாப்புழுவின் நீர்ப்பை இருக்கலாம். அந்தப் புழு பட்டி நாயின் குடலில் வாழ்கிறது. இறந்த ஆட்டின் தலையை நாய்க்குப் போட்டால் நாயிடம் புழு வளரும். அதன் கழிவிலிருந்து முட்டை புல்லுக்குப் போய் மறுபடி ஆட்டுக்கு வரும். தலையைப் போடுவதை நிறுத்தி, நாய்க்கு மூன்று மாதத்துக்கொரு முறை புழு மருந்து கொடுங்கள்.

6. தனிமைப் பட்டிக்கு இடம் பாருங்கள்

ஆடு வாங்கப் போவதற்கு முன்பே இது தயாராக வேண்டும். வாங்கி வந்த இரவில் இடம் தேடுகிறவர் பழைய பட்டியின் மூலையில் ஒரு படலை நிறுத்திக்கொள்வார். தொட்டியும் காற்றும் அப்போதும் பொதுதான்.

கொங்கில் காற்றைப் பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்கிலிருந்து வீசும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து. தனிமைப் பட்டி பழைய பட்டிக்கு வடமேற்கிலோ தென்கிழக்கிலோ இருந்தால் இரண்டு பருவத்திலும் காற்று நேராக அங்கிருந்து இங்கே வராது. கழுவிய தண்ணீர் பழைய பட்டிப் பக்கம் வழிந்தோடாத சரிவாகவும் பாருங்கள்.

7. வாங்கும் இடத்திலும் வண்டியிலும்

சந்தையில் தனியாக ஒதுங்கி நிற்பது, மூக்கு ஒழுகுவது, பின்பக்கம் கழிந்து ஒட்டியிருப்பது, நொண்டுவது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஒன்று அப்படி இருந்தால் அந்தக் கூட்டத்திலேயே வாங்க வேண்டாம். மற்றவை நோயின் அரும்பு நிலையில் இருக்கலாம். முடிந்தால் சந்தையைத் தவிர்த்து, தெரிந்த பட்டியில் நேராகப் போய் வாங்குங்கள். பல ஊர் ஆடுகள் ஒரு நாள் கலந்து நிற்கும் இடம் சந்தை.

குட்டியானை வண்டியை ஏற்றுமுன் கழுவச் சொல்லுங்கள். முந்தின நடையில் என்ன ஏற்றினார் என்று ஓட்டுநரிடமே கேட்டுவிடலாம்.

8. தனிமையில் 30 நாள்

ஏன் இவ்வளவு நாள்? கிருமி உடலில் நுழைந்து அறிகுறி தெரிய ஆட்டுக்கொல்லிக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், கோமாரிக்கு 2 முதல் 14 நாள், ஆட்டம்மைக்கு 3 வாரம் வரைகூட ஆகும். ஒரு வாரம் நன்றாக இருந்தது என்று சேர்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 21 நாள் குறைந்தபட்சம், 30 நாள் நிம்மதி.

முதல் இரண்டு நாள் தண்ணீரும் பழகிய தீவனமும் மட்டும். பயணக் களைப்பில் இருக்கும் ஆட்டுக்கு வந்த அன்றே ஊசி, புழு மருந்து எல்லாம் போடாதீர்கள். மூன்றாம் நாள் எடை பார்த்துப் புழு மருந்து, புழுக்கை மாதிரி மருந்தகத்துக்கு. தினமும் காலை வெப்பம் குறியுங்கள். நன்றாகத் தீனி எடுத்து, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் இரண்டாம் வாரத்தில் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

வேலை வரிசை கண்டிப்பு: முதலில் பழைய பட்டி, கடைசியில் தனிமைப் பட்டி. தலைகீழாகப் போனால் உங்கள் கையும் செருப்பும்தான் நோயைச் சுமக்கும்.

கருச்சிதைவு நோய், காசநோய் போன்றவை எத்தனை நாள் பார்த்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். கறவை மாடு, சினை மாடு வாங்கினால் இவற்றுக்கான பரிசோதனை செய்யாமல் சேர்க்காதீர்கள். கருச்சிதைவு நோய் மனிதருக்கும் வரும்: விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது, பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

9. தடுப்பூசி

கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆட்டுக்கொல்லிக்கு ஒருமுறை போட்டால் சுமார் மூன்று ஆண்டு காக்கும். துள்ளுமாரிக்கு ஆண்டுதோறும், மழைக்கு முன். கருச்சிதைவு நோய்க்குக் கிடாரிக் கன்றுக்கு மட்டும், 4 முதல் 8 மாத வயதில், ஆயுளுக்கு ஒருமுறை.

ஊசி போட்டு எதிர்ப்பாற்றல் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். ஊரில் நோய் வந்த பிறகு ஓடிப் போய்ப் போடுவது பல நேரம் அந்த இடைவெளியில் தோற்றுப்போகிறது. ஐஸ் பெட்டி இல்லாமல் வெயிலில் வந்த மருந்தும் பயன்படாது.

10. நோய் உள்ளே வந்துவிட்டால்

இதே வரிசையில் செய்யுங்கள். முதலில் போக்குவரத்தை நிறுத்துங்கள்: விற்க, வாங்க, மேய்ச்சலுக்கு ஓட்ட எதுவும் வேண்டாம். நோய்ப்பட்டதைச் சந்தையில் தள்ளிவிடுவது பக்கத்து ஊருக்கு நோயை விற்பது. அடுத்து நோயுற்றதைப் பிரியுங்கள். மூன்றாவது, எல்லா ஆட்டுக்கும் வெப்பம் பாருங்கள்; காய்ச்சலுள்ளது வெளியே நன்றாகத் தெரிந்தாலும் நோயுற்றவற்றோடு சேரும். பிறகு மருத்துவரை அழைத்து நோட்டைக் கொடுங்கள். மாதிரி எடுக்குமுன் கண்ட ஊசியைப் போட்டால் ஆய்வில் உண்மை தெரியாமல் போகலாம்.

திடீரென்று இறந்து, மூக்கு, வாய், ஆசனவாயிலிருந்து உறையாத கருத்த இரத்தம் வந்தால் அடைப்பான் என்றே நடந்துகொள்ளுங்கள். அறுக்கவோ தோலுரிக்கவோ இறைச்சியைப் பங்கிடவோ கூடாது. மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கும். இழுத்துக்கொண்டு போனால் இரத்தம் சிந்தும் வழியெல்லாம் வித்து விழும். மருத்துவர் வரும்வரை நாயும் காகமும் அண்டாமல் மூடிவையுங்கள். கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி ஆறடிக்குக் குறையாமல் குழி தோண்டி, சுண்ணாம்பைக் கொட்டிப் புதைத்து, இரத்தம் பட்ட மேல்மண்ணையும் வழித்து அதே குழியில் போடுங்கள். குழியின் மேல் முள் வேலி போட்டு, அந்த இடத்தில் இனி மேய்ப்பதில்லை என்று நோட்டில் எழுதி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.